வேதாசலம் திரும்பப் பெற்ற நோட்டீஸ்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியளவில் வேலூர் லாங் பஜாரில் உள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "அப்பா போய்ட்டாரு சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்" என்றார் பொறியாளர் வேதாசலம் அவர்களின் மகன். வேதாசலம் அவர்கள் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் மாசைத் தடுக்கும் சட்டம் வந்து, அதற்கென்று வேலூரில் ஓர் அலுவலகமும் திறந்த புதிதில் அங்கு பொறியாளராக வந்தவர் அவர். அதற்குமுன் பொதுப்பணித் துறையில் மதகும் கால்வாயுமாக இருந்தவர். புதிய சட்டத்தைத் தினமும் காலையில் ஒரு பக்கம் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது. நாற்பது வீடுகளுக்கு அந்த ஒரே கிணறு. குழந்தைகளுக்கு வாந்தி. தெருவின் பின்னால் தோல் பதனிடும் ஆலை, அதன் கழிவு வாய்க்கால். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கெட்டால் யாரும் இரண்டாவது காரணம் தேடுவதில்லை. வேதாசலம் அவர்களும் தேடவில்லை. ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்தார், வேலை நின்றது. நானும் அப்படியே செய்தி எழுதினேன்.

ஆலை மேலாளர் நஸீர் பாய் வேலூருக்கே வந்துவிட்டார். "சாப், வாய்க்கால் நம்மளுதுதான், இல்லேங்கல. ஆனா அந்தக் கிணத்தை வெள்ளிக்கிழமை வந்து மோந்து பாத்தீங்களா? அன்னிக்கு அங்க எல்லா டேனரியும் லீவு. காத்துல தோல் வாடை கம்மி."

அந்த வெள்ளிக்கிழமையே வேதாசலம் அவர்கள் போனார். என்னையும் அழைத்துக்கொண்டார். ஊரின் வழக்கமான நாற்றம் அடங்கியிருந்தது. வாளியில் எழுந்தது டீசல் வாடை. மற்ற நாட்களில் அது தோல் நாற்றத்துக்குள் ஒளிந்திருந்தது. தெருமுனையில் பெட்ரோல் பங்க். அதன் டீசல் டாங்கியைப் பூமிக்குள் புதைத்திருந்தார்கள்.

மறுநாள் என் மேஜை முன் நின்றார். "நோட்டீஸைத் திரும்ப வாங்கிட்டேன். பொறியாளர் தப்பு பண்ணிட்டாருன்னு பேப்பர்ல போடுங்க."

"டேனரிகிட்ட காசு வாங்கிட்டீங்கன்னு பேசுவாங்க சார்."

"பேசட்டும். நோட்டீஸ்ல இருக்கிற கையெழுத்து என்னுது. தப்பும் என்னுதுதான்."

பேசத்தான் செய்தார்கள். அடுத்த முறை தெருவுக்குள் நுழைந்தபோது ரெபேக்காள் என்ற ஷூ கம்பெனித் தொழிலாளி இடுப்பில் காலிக் குடத்தோடு வழிமறித்தார். "இன்னா சார், பாய் வீட்டு பிரியாணி நல்லா இருந்துச்சா?"

"நான் சைவம்மா" என்றார் அவர். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பங்க் வரைக்கும் வாங்க. நீங்களே பாருங்க."

பங்கில் அந்த டாங்கியிலிருந்து விற்பனையை ஒரு நாள் நிறுத்தச் சொன்னார். டீசல் மட்டத்தை அளக்கும் நீளக் கோலை முதல் நாள் காலையில் இறக்கி, ரெபேக்காளையே அடையாளம் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை மறுபடி இறக்கினார்கள்.

"மூணு விரக்கடை கொறஞ்சிருக்குதே! ஒரு சொட்டு விக்கல, எங்க சார் போச்சு?"

"உங்க கிணத்துக்கும்மா."

பங்க் உரிமையாளர் கையை விரித்தார். "பூமிக்குள்ள நடக்கிறது எனக்கு எப்படி சார் தெரியும்?"

அது வெறும் சாக்கு அல்ல. புதைத்த டாங்கி ஒழுகினால் யார் தோண்டுவது, யார் சுத்தம் செய்வது என்று வேதாசலம் அவர்கள் படித்த சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கெடுதலான பொருளைத் தெரிந்தே கிணற்றில் கலக்க விடுவது குற்றம் என்று மட்டும் ஒரு பிரிவு இருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்து, டாங்கி கிணற்றுக்குள் ஒழுகுகிறது என்று ஒரு பக்கம் எழுதி நீட்டினார்.

"இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போட்டு வாங்கிக்கோங்க. இந்த நிமிஷத்திலேர்ந்து தெரியும்."

அந்த வாரமே டாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. டீசல் ஊறிய மண்ணையும் அகற்றினார்கள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை வாய்க்காலில் விட அவர் சம்மதிக்கவில்லை. பீப்பாய்களில் பிடித்து, மேலே மிதந்ததை வழித்தெடுக்க வைத்தார். மகிழ்ந்துபோய்க் கைகொடுக்க வந்த நஸீர் பாயிடம், "வாய்க்காலுக்கு வேற நோட்டீஸ் வருது" என்றார்.

"இன்னா சாப் இது, பெரிய பேஜாராப் போச்சே!" என்றார் பாய். கையை மட்டும் விடவில்லை.

கிணறு உடனே தெளியவில்லை. மூன்று மழைக்காலம் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வேதாசலம் அவர்கள் போய் மாதிரி எடுத்து, "இன்னும் குடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அதைச் சொல்ல ஆள் அனுப்பியதே இல்லை. போன வாரம்தான் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. குடிக்கலாம் என்று கையெழுத்திட்டு அனுப்பினார். உடம்பு முடியாததால் அந்த ஒருமுறை மட்டும் அவரால் நேரில் போக முடியவில்லை.

புதன்கிழமை காலை உடலைக் குளிப்பாட்ட முற்றத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். ஆம்பூர் பஸ்ஸில் வந்து இறங்கிய ரெபேக்காளின் இடுப்பில் மூடி போட்ட பிளாஸ்டிக் குடம் இருந்தது. என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார்.

"எங்க கிணத்துத் தண்ணி. சார் வந்து மொதல்ல குடிக்கட்டும்னு தெருவுல யாரும் இன்னும் தொடல. அவரு வரல, நாங்க வந்துட்டோம்."

மகன் குடத்தை வாங்கினார். அந்தத் தண்ணீரைத்தான் தந்தையின் தலையில் ஊற்றினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தண்ணீரில் எந்த வாடையும் இல்லை.

சென்று வாருங்கள், சார்.