ராகு காலத்துக்கு முன்

இன்ஜின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு சத்தமில்லை. ஜெனிட்டா கிளட்சை மிதித்து, மிச்சமிருந்த வேகத்தில் வண்டியைத் தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறக்கி நிறுத்தினாள். சாவியை அணைத்துத் திரும்பவும் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. எதிரில் கல்பாக்கம் போகும் ஊழியர் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் இருந்தவர் போனை நீட்டி அந்தப் பழைய ஹெரால்டு காரைப் படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் எடுப்பார்கள். இந்த வண்டி இப்போது ரோட்டில் அதிகம் இல்லை.

புதுப்பட்டினத்தில் கிளம்பி, சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தாள். பூஞ்சேரிக்குப் பத்து மணிக்குள் போக வேண்டும்.

பூஞ்சேரி கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு இருந்தது. மேலே தகரம், கீழே சிமெண்ட் தரை, நடுவில் ஓர் ஆள் இறங்கி நின்று வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கும்படியான பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே எடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். சொந்தக்காரர் தேசிகன், மாமல்லபுரம் பெருமாள் கோயில் பக்கம் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார். “முதல்ல கேட்டது நீங்கதான். அதனால வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் உங்களுக்கு. வரலேன்னா இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவேன். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும், அதுக்குள்ள யார் கையிலயாவது சாவி போயாகணும்” என்று சொல்லியிருந்தார்.

இந்த விஷயம் அவள் கணவன் ஜெபசிங்குக்குத் தெரியாது. அவன் ஓமானில் ஒரு லாரி கம்பெனியின் பணிமனையில் மெக்கானிக். ஊருக்கு வந்து சொந்தமாக ஷெட் போட வேண்டும் என்று போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜெனிட்டா இதற்கு முன் இரண்டு இடம் பார்த்து, பார்த்த அன்றே அவனிடம் சொன்னாள். இரண்டும் கைநழுவின. இரண்டாவது தடவை அவன் வேலையை விடுவதாக எழுதியே கொடுத்துவிட்டான். அதைத் திரும்ப வாங்குவதற்கு மேனேஜர் அறை வாசலில் ஒரு வாரம் நின்றான். அதனால் இந்தத் தடவை சொல்லவில்லை. சாவியை வாங்கி, ஹெரால்டை உள்ளே ஓட்டிப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, வீடியோ எடுத்து அனுப்புவாள். ஒரு வார்த்தை எழுத மாட்டாள்.

இன்று சாயங்காலம் அவன் மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம்.

அவள் முதலில் தேசிகனுக்குப் போன் செய்தாள். வண்டி மக்கர் செய்கிறது, வந்துவிடுவேன் என்றாள். “வாங்கோ. நானும் ஒரு தரம் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்” என்றார் அவர். பிறகு ஜெபசிங்கை வாட்சப்பில் அழைத்தாள்.

“இன்னாடி, காலைலயே? லீவு நாளு, தூங்கினு இருந்தேன்.”

“வண்டி நின்னுபோச்சு.”

“எந்த வண்டி?”

“வூட்ல எத்தினி வண்டி கீது? உன் மூத்த பொண்டாட்டிதான்.”

இரும்புக் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“எங்க போய்கினு இருந்த?”

“சும்மா. போன ஞாயித்துக்கெழம ஓட்டல. அதான்.”

ஞாயிறுதோறும் கொஞ்ச தூரம் ஓட்டிவர வேண்டும் என்பது அவன் சொல்லிவிட்டுப் போன ஒரே வேலை. அவள் கல்பாக்கம் டவுன்ஷிப் கடையில் பில் போடுகிறாள். ஞாயிறு மாலை சர்ச்சிலிருந்து வந்து, சேலையை மாற்றாமலேயே ஓட்டிவிட்டு வருவாள்.

“எப்படி நின்னுச்சு? டக்குனு நின்னுச்சா, இருமிகினு நின்னுச்சா?”

“இருமிகினு.”

“அப்போ கரண்ட்டு இல்ல, பெட்ரோலு. பானெட்ட தொற.”

ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்னால் கவிழும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு பேட்டரி மேல் வைத்துவிட்டு டயரில் உட்கார்ந்தாள். ஜெபசிங் உட்காரும் இடம். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் வீட்டுப் பின்கட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டி இது. கல்யாணமான புதிதில் அவன் அதைக் கட்டி இழுத்து வந்தான். கழற்றிய இன்ஜினை வைக்க வேறு இடம் இல்லாததால் முதல் வருடம் அது அவர்கள் பாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. பெட்ரோல் வாடையில்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்ற நிலை வந்தபோது அது வண்டிக்குள் ஏறியது. அவள் அப்பா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வரப்பு வெட்டியவர். அந்த வீட்டில் முதலில் ஸ்டீயரிங் பிடித்தவள் அவள்தான். பிடிக்க வைத்தவன் அவன்.

“பம்புல கண்ணாடி கிண்ணம் தெரிதா? எவ்ளோ கீது?”

“அடியில கொஞ்சம்.”

“டாங்க்கு?”

“செவ்வாக்கெழமதான் ரொப்பினேன். ஃபுல்லு.”

“ரொப்பினியா? சும்மா ஓட்றதுக்கா?”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டுமா?”

“சரி சரி. பம்பு சூடாயிருக்கும். துணிய நனைச்சு மேல போடு. கொஞ்சம் பொறு.”

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கைக்குட்டையை நனைத்துப் போட்டாள். பொறுத்தாள். கிண்ணத்தில் பெட்ரோல் மெதுவாக ஏறியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. “பாத்தியா” என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு ஓட்டினாள்.

மணமைக்கு முன்னால் மறுபடியும் இருமியது.

இப்போது வெயில் ஏறியிருந்தது. சாலை விரிவாக்கத்துக்கு வெட்டிய மரங்களின் தூர்கள் வரிசையாகக் கிடந்தன. ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, “ஏறிக்கிறியாக்கா?” என்று கேட்டது. அவள் யோசித்தாள். வண்டியை இங்கே போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஷெட்டுக்குள் நிற்க வேண்டியது வண்டி. ஒருமுறை நின்று ஓடிய வண்டி இன்னொருமுறையும் ஓடும். ஆட்டோ போய்விட்டது.

அவள் மறுபடி அழைத்ததும், “துணி காஞ்சிடுச்சா?” என்றான் ஜெபசிங்.

“ஈரமாத்தான் கீது. கிண்ணம் சுத்தமா காலி.”

“காலியா?”

“ஒரு சொட்டு இல்ல.”

அவன் “ஜெனி, பின்னாடி போயி…” என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். “இல்ல, வேணாம். சும்மா உக்காரு. தானா வரும்.”

“எவ்ளோ நேரம்?”

“அவசரமா?”

அவள் கிண்ணத்தையே பார்த்தாள்.

“இங்க இப்படி உக்காந்து வண்டிய பாத்து எத்தினி நாளாச்சு தெரியுமா? லாப்டாப்ப சொருவுனா அதுவே சொல்லிடுது, இந்த சென்சாரு போச்சு, அத மாத்துன்னு. காதுல பஞ்ச வெச்சுகினு வேல பாக்கலாம். பானெட்டு தொறந்துதானே கீது?”

“கீது.”

“வாட எப்படி அடிக்குது?”

“யோவ், நடு ரோட்ல உக்காந்துகினு இருக்கேன். வாட கேக்குறியே.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு தினசரி போன் பேச்சில் வருவதில்லை. சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதோடு அது முடிந்துவிடும்.

“சாயங்காலம் மேனேஜர் வருவான். கையெழுத்து போடட்டா?” என்றான் திடீரென்று.

“சாயங்காலந்தானே. நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி போட்டுடாத.”

“நீ இன்னா சொல்லப் போற?”

“சொல்றேன்னேன் இல்ல?”

கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. ஸ்டார்ட் செய்தாள். ஓடியது. பானெட்டை மூடப் போனபோது, “மூடாத. போன அப்படியே இன்ஜின்கிட்ட புடி” என்றான். பிடித்தாள். “ஐடில்ல வுடு.” விட்டாள். “கொஞ்சம் ரேஸ் குடு.” கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம். வால்வு சத்தம் கேக்குதா, டிக் டிக்னு? அது நான் வெச்ச கேப்பு. அப்படியே புடி, எடுக்காத.”

போன் கையில் அதிர்ந்தது. இன்ஜின் சத்தம் என்றே நினைத்தாள். சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிறான் என்று, கை வலித்தும் எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அந்தப் பக்கம் பேசவே இல்லை. அவள்தான் கடைசியில், “போதுமா?” என்றாள்.

“ம்.”

குன்னத்தூர் வந்ததும் மூன்றாவது முறை நின்றது. அணைக்காமலேயே இருந்த போனைப் பேட்டரி மேல் வீசாத குறையாக வைத்தாள்.

“நின்னுச்சா?” என்றான். “சரி. பின்னாடி போயி பெட்ரோல் டாங்க் மூடிய தொற. போன கொண்டு போ.”

மூடியைத் திருகியதும் ‘உஸ்ஸ்’ என்று டாங்க் காற்றை இழுத்தது. நிறைய நேரம் இழுத்தது. நீரில் மூழ்கி எழுந்த ஆள் மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.

“கேட்டுச்சா? மூடியில ஒரு ஓட்ட இருக்கும், ஊசி நொழையிற மாதிரி. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். அது அடைஞ்சிருக்கும். பாரு.”

பார்த்தாள். மூடியின் நடுவில் சந்தனம் அழகாக வட்டமாக வைக்கப்பட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து கல்லாகி, ஓட்டைக்குள்ளும் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு வரலட்சுமி. முந்தாநாள் ஆயுத பூசையன்று தன் ஸ்கூட்டிக்குப் பூசை போட்டவள், ஒரே காம்பவுண்டில் நிற்கும் வண்டி வெறும் நெற்றியோடு நிற்கிறதே என்று ஹெரால்டுக்கும் வைத்தாள். விளக்கு, பம்பர், கைப்பிடி, டயர், ஒன்று விடவில்லை. “உங்க சாமி கோச்சுக்குமா?” என்று கேட்டாள். “வண்டிக்கு சாமி எது? வெச்சுட்டு போ” என்று ஜெனிட்டாதான் சொன்னாள். வைத்த பொட்டை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சொன்னதும் ஜெபசிங் இருமும் அளவுக்குச் சிரித்தான். “எத்தினியோ வண்டி பாத்துட்டேன். சந்தனத்தால செத்த வண்டி இதான்டி.”

அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தினாள். சந்தனம் மாவாக உதிர்ந்தது. குத்திக்கொண்டே கேட்டாள்:

“எப்போ தெரிஞ்சுச்சு ஒனக்கு?”

“இன்னா?”

“மூடின்னு.”

“கிண்ணம் காலின்னு சொன்ன இல்ல? அப்பவே.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ மூடிய தொறப்ப, வண்டி ஓடும், போன வெச்சுடுவ.” கொஞ்சம் பொறுத்து, “சத்தம் கேட்டுகினு இருக்கலாம்னு தோணிச்சு. அவ்ளோதான். சும்மாதானே போறேன்னு சொன்ன?” என்றான்.

ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஊக்கை மறுபடி குத்திக்கொண்டாள். “வெச்சுடறேன்” என்றாள்.

போனைப் பார்த்தபோதுதான் தேசிகன் மூன்று தடவை அழைத்திருந்தது தெரிந்தது.

அதன் பிறகு வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை. அவள் ஓட்டிய நாட்களில் அது இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. பூஞ்சேரியில் அவள் இறங்கியபோது ஷெட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் செங்கல் ஜல்லியைக் கொட்டிப் பள்ளத்தை மூடுவதற்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிற்பக் கூடத்துக்குக் கல் அடுக்கி வைக்கும் இடமாம். தேசிகன் வெளியே குடையோடு நின்றார்.

“பத்து மணி தாண்டியும் காத்துண்டு இருந்தேன்மா. மூணு தரம் அடிச்சேன். வேற கால்லயே இருக்கேள்னு சொல்லித்து. சரி, மனசு மாறிடுத்து போலன்னு நெனச்சு, சாவிய இவாகிட்ட கொடுத்துட்டேன். அப்போ எடுத்து, வந்துண்டே இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தி வெச்சிருப்பேன்.” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு வண்டியைச் சுற்றிப் பார்த்து, “நன்னா வெச்சிருக்கேள்” என்றார்.

அவள் திரும்பும்போது கடற்கரைச் சாலையில் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து வண்டிக்கு உறை போட்டாள். சாயங்காலம் ஜெபசிங் அழைத்தான்.

“மேனேஜர் வந்துட்டான். இன்னா சொல்றேன்னு சொன்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஜெனி, காலைல நெஜமா எங்க போன?”

“சும்மாதான். வண்டிய ஓட்டினு போனேன்.”

“அப்போ போட்டுடட்டா?”

“போடு.”

அவன் உடனே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அங்கே யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். அவன் வைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் லேசாக மழை பெய்தது. ஜெனிட்டா எட்டரைக்குக் கடைக்குப் போனாள். விடுமுறைக்கு வெளியூர் போனவர்கள் திரும்பியிருந்ததால் கூட்டம் இருந்தது. பில் போடும் மெஷினில் காகிதம் இரண்டு தடவை சிக்கியது, எடுத்துவிட்டாள். மதியம் ஜெபசிங் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பார்த்தாள். தயிர் சாதம் சாப்பிட்டாள். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வரும் வழியில் சவுக்காரமும் அரை கிலோ வெங்காயமும் வாங்கினாள்.