படகில் உட்கார மாட்டேன்

தாய்லாந்துக்குப் போய்க் கடலுக்கடியில் மூச்சுவிட்டுப் பார்க்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் அடுக்ககத்தில் இப்போது யாரைக் கேட்டாலும் அது என் கணவரின் யோசனை என்பார்கள். அவரும் மறுப்பதில்லை.

நாங்கள் நால்வர். நானும் கணவரும் திருச்சிக்காரர்கள்; வேலைக்காக ஹைதராபாத் வந்து, உப்பலில் வீடு வாங்கி இங்கேயே தங்கிவிட்டவர்கள். எதிர்வீட்டு அக்காவும் அவளுடைய கணவரான அண்ணாவும் தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர்கள். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர், அண்ணாவுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வெளியூர் போய்விட்டதால், விடுமுறை கிடைத்தால் நால்வரும் சேர்ந்து எங்காவது கிளம்பிவிடுவோம்.

அப்படிக் கிளம்பும்போதெல்லாம் எனக்கென்று ஒரு நிரந்தரப் பதவி உண்டு. பைகளுக்குக் காவல். அது எப்போது, யார் கொடுத்த பதவி என்று தெரியாது. கோயிலில் செருப்பு, அருவியில் மாற்றுத்துணி, மலையடியில் நான்கு பேர் சாப்பாட்டுக்கூடை. “உனக்கு மூட்டு வலிக்குமே, நீ இங்கயே உக்காந்துக்கோ, நாங்க ஓடிப் பாத்துட்டு வந்துடறோம்” என்பார்கள். எனக்கு மூட்டு வலித்தது ஒரே ஒரு வருடம். அது போய் எவ்வளவோ நாளாயிற்று, பதவி மட்டும் போகவில்லை. நான் பார்த்த அருவிகளில் பாதி, அவர்கள் திரும்பி வந்து செல்போனில் காட்டியவை. அன்பில்லாமல் செய்கிறார்கள் என்றால் சண்டை போடலாம். இவர்கள் அன்பாகச் செய்கிறார்கள், அதுதான் தொல்லை.

கடலுக்கடியில் போவதாக இருந்தால் பைகளை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் அந்த யோசனையைச் சொன்னேன். அக்கா கைதட்டினாள். அண்ணா ஊர் வழக்கப்படி உருது ஆமாம் போட்டு, “ஹவ், போலாம்” என்றார். அன்றைக்கே என் கணவர் திட்டமிடும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் போட்ட திட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. தசரா விடுமுறையில் போகலாம் என்றார். நாங்கள் பார்த்து வைத்திருந்த தீவு இருக்கும் பக்கத்தில் அந்த மாதம் மழையும் அலையும், கடலுக்குள் கையை நீட்டினால் கை தெரியாது. அதை நான் படித்துச் சொன்ன பிறகு சங்கராந்திக்கு மாற்றினோம். அக்காவின் பள்ளிக்கும் அப்போது விடுமுறை. அடுத்து, கடைசி நாள் காலையில் ஒரு தடவை மூழ்கிவிட்டு மாலையே விமானம் ஏறுவது என்று போட்டிருந்தார். ஒரு நாளைக்கூட வீணடிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் நின்று பார்த்துச் சரி என்று சொல்லாதவரை அந்த வேலை நடந்ததாகவே கணக்கில்லை. எடை போட்டால்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டதால் கணவர் செய்வதையெல்லாம் நின்று பார்ப்பேன். அவருக்கு அது பிடிக்காது.

“கடைசியா மூழ்கி எழுந்ததுக்கப்புறம் ஒரு நாளாவது ஃப்ளைட் ஏறக் கூடாதுங்க. உடம்புல கரைஞ்ச காத்து மேல போனா குமிழ் குமிழா வெளிய வரும். ஆஸ்பத்திரியிலதான் போய் நிப்போம்” என்றேன்.

“எங்க போட்டிருக்கு?” என்றார். காட்டினேன். ஒரு நாள் கூடியது. அந்த நாளில் கடைத்தெரு சுற்றலாம் என்று அக்கா உடனே பட்டியல் போடத் தொடங்கிவிட்டாள்.

பார்த்தால், ஆழம் போகிறவர்களும் எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் மாதிரியேதான். தண்ணீரில் இறங்குமுன் ஒருவர் மாட்டியிருப்பதை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். காற்று திறந்திருக்கிறதா, வார் இறுகியிருக்கிறதா, எல்லாம். இதைப் படித்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கென்றே யாரோ ஏற்படுத்திய விளையாட்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணா துடுப்புக்காலணி வாங்கிவந்தார். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று எவ்வளவோ சொன்னோம். “நக்கோ, வேணாம், ஊர்ல உள்ளவன் கால் விட்டதுல நான் கால் விட மாட்டேன்” என்றார். வாங்கியது ஓர் அளவு பெரிது. அதை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை நடந்து பார்த்தார், மூன்றாம் வீட்டு நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்காவுக்குச் சாப்பாட்டுக் கவலை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், கோங்குராத் தொக்கு ஒரு பாட்டில் என்று எடையை ஏற்றிக்கொண்டே போனாள். எனக்கு அந்த வாரங்கள் மிகவும் பிடித்திருந்தன. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் களைத்துப்போய் வந்தாலும் மாடியேறும்போதே சிரிப்பு வந்துவிடும்.

கடலுக்குப் போகுமுன் குளத்தில் பழக வேண்டும். நகரத்தின் மேற்குப் பக்கம் ஆழமான நீச்சல்குளம் ஒன்று இருந்தது. ஞாயிறு காலையில் உப்பலிலிருந்து மெட்ரோவில் போவோம். எங்கள் பயிற்சியாளர் ஒரு பெண். தெலுங்கையும் ஆங்கிலத்தையும் கலந்து திட்டுவார், திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். வாயால் மூச்சுவிடுவது, கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது எல்லாம் எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. என் கணவர் நான்கு தடவை இருமினார். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஆழமான பக்கம் போனோம். கீழே போகப் போகத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காது ‘டப்’ என்று திறந்து அழுத்தம் சரியாகிவிடும். அவர்கள் மூவருக்கும் திறந்தது. எனக்குத் திறக்கவில்லை. ஓர் ஆள் உயரம் இறங்குவதற்குள் காதில் ஊசியை ஏற்றியதுபோல வலி. மேலே வந்தேன், மறுபடி இறங்கினேன், மறுபடி வந்தேன். கடைசியில் பயிற்சியாளர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். கரையேறி உட்கார்ந்தேன். சுற்றிலும் அவர்களுடைய துண்டுகள், பைகள், கண்ணாடிக் கூடுகள். தண்ணீருக்கடியிலிருந்து அவர்கள் விட்ட குமிழ்கள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. குளத்தில் நனைந்தவள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

அந்த வாரம் என் காது ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. கணவர் ஆவி பிடிக்கச் சொன்னார். ஆபீசில் சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். அக்கா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறியதும் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“கைக்கு? ஏன் பயப்படறே? எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான். ரெண்டு சொட்டு விட்டா காது தானா தொறந்துக்கும்” என்றாள்.

தினமும் மாலையில் அவள் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொள்வேன். எண்ணெய் இளஞ்சூடாக இறங்கும்போது சுகமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு தண்ணீரில் இறங்கியதும் வலி இரண்டு மடங்கானது. கரையேறிய பிறகும் இடது காது அடைத்தபடியே இருந்தது. மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயரைக்கூட வலது காதால்தான் கேட்டேன்.

அன்று மாலை எங்கள் வீட்டில் டீ. தீவிலிருந்த டைவிங் கடைக்காரர்கள், கடலில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர், படகில் மட்டும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். அதற்கேற்ப ஆள் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மூணு பேர் இறங்கறோம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ படகுல வா. நல்ல வெயில், நல்ல காத்து. மேல இருந்தே கடல் கண்ணாடி மாதிரி தெரியுமாம்.”

“ஆமா, உனக்கு ஒரு பெரிய தொப்பி வாங்கிடலாம்” என்றாள் அக்கா.

அண்ணா தொண்டையைச் செருமினார். “எங்க போனையெல்லாம் பத்திரமா பாத்துக்க ஓர் ஆள் வேணுமில்ல.”

எனக்குள் என்னவோ அறுந்தது.

“வேணும்தான். ஓர் ஆளை அங்கயே வாடகைக்கு எடுத்துக்கங்க. நான் படகுல உக்கார மாட்டேன்” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “எத்தனை வருஷமா உங்க செருப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீயும் வான்னு யாராவது கூப்பிட்டீங்களா? இதை ஆரம்பிச்சதே நான்தான். எனக்குக் கீழ போகணும்.”

  கணவர், “நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்” என்றார்.

“படறேனே. பட்டுட்டுப் போறேன். அதுக்கு உங்களுக்கு என்ன?”

 அவர் டைவிங் கடைக்காரர்களிடம் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கும்படி அன்றைக்கே கேட்டுக்கொண்டார். மறுநாள் அரை நாள் லீவு போட்டு என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போனார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நாலு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் தெரிந்தவர்களாக இருந்தோம்.

மருத்துவர் காதுக்குள் விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இது என்ன ஆவக்காய் ஜாடியா, எண்ணெய் ஊற்றி ஊறவைக்க என்று தெலுங்கில் கேட்டார். எண்ணெயில் ஊறிய அழுக்கு உப்பி இடது காதை அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுச் செவிப்பறைகளைப் பார்த்து, இரண்டும் நன்றாக இருக்கின்றன, தாராளமாகப் போகலாம் என்றார். அப்படியானால் முதல் ஞாயிறு ஏன் வலித்தது என்று கேட்டேன். எப்போது ஊதினீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். வலித்த பிறகு, என்றேன்.

அதுதான் தப்பு என்றார். வலி வந்துவிட்டால் மூக்கிலிருந்து காதுக்குக் காற்று போகும் வழி மூடிக்கொண்டுவிடும், பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் பயனில்லை. வலிப்பதற்கு முன்பே ஊத வேண்டும். இறங்குமுன் கரையிலேயே ஒரு தடவை, இறங்கத் தொடங்கியதும் ஒரு தடவை, பிறகு ஒரு சாண் இறங்கினால் ஒரு தடவை. எச்சிலையும் விழுங்கலாம். அவசரம் கூடாது.

வெளியே வந்ததும் கணவர், “வலிச்சதுக்கப்புறம்தான் வாயைத் தொறக்கறது உனக்குப் பழக்கம்தானே” என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம்.

அந்த ஞாயிறு மருத்துவர் தண்ணீர் படக் கூடாது என்றிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு குளத்துக்குப் போனோம். அக்கா எண்ணெய் விட்ட குற்ற உணர்வில் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நானாக மாட்டிக்கொண்ட காற்றுக்குழாயை என் கணவர் தொட்டுப் பார்த்துச் சரி என்றார். அவருடைய வார் முறுக்கியிருந்தது, நான் சரி செய்தேன். ஆனால் அவர் இறங்கவில்லை. இன்று நீ முதலில் போ, நாங்கள் அப்புறம் வருகிறோம் என்று மூவரும் கரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

பயிற்சியாளர் எதிரே மிதந்தபடி, குளத்தின் தரைவரை தொங்கிய கயிற்றைக் காட்டினார். கரையிலேயே ஒரு தடவை ஊதினேன். கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கினேன். ஊதினேன். ‘டப்.’ ஒரு சாண் இறங்கினேன், எச்சில் விழுங்கினேன், ஊதினேன். இடது காது கொஞ்சம் யோசித்தது. நின்றேன். பயிற்சியாளரும் நின்றார். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு அதுவும் திறந்தது. வலியே இல்லாமல், கயிற்றில் கை மாற்றி மாற்றி, போய்க்கொண்டே இருந்தேன். காலில் தரை ஓடு தட்டியபோதுதான் குளம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. நீல ஓடுகள், ஒரு பழைய தலைமுடி கிளிப், என் மூச்சின் சத்தம். தாய்லாந்தில் பிறகு ஆமையைப் பார்த்தேன், மஞ்சள் மீன் கூட்டத்துக்கு நடுவே போனேன், எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் சந்தோஷம் என்றால் எனக்கு அந்தக் குளத்தின் தரைதான் நினைவுக்கு வருகிறது.

நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மூன்று தலைகள் நெளிந்து நெளிந்து தெரிந்தன, குனிந்து என்னையே தேடிக்கொண்டிருந்தன. போகலாமா என்று பயிற்சியாளர் கையால் கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கொஞ்ச நேரம் அவர்கள் காத்திருக்கட்டும் என்று இருந்தது.