கதவுக்குப் பின்னால் கட்டிய கொடி

எங்கள் குளியலறைச் சுவரில் பூஞ்சை வருவதும் நான் தேய்ப்பதுமாக மூன்று வருடம் ஓடியது. மயிலாப்பூரில் இரண்டாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் பக்கத்துக் கட்டடம் இடிக்கும், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். பத்தே நாளில் கதவுக்குப் பின்பக்கம் மறுபடி கறுப்புப் புள்ளிகள். பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷை எடுப்பேன்.

ஒரு தடவை பெயின்டர் வந்து, சுரண்டி, புதிதாக அடித்துவிட்டுச் சொன்னார்: "செவுத்துல கொயாய் லீக் எதுவும் இல்லம்மா. உள்ளயே எங்கனா ஈரம் தங்கிக்கினு கீது. மொதல்ல அத்தப் பாருங்க."

எங்கே தங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவர் வருவதற்கு முன்பு துணி காயும் கொடியை அவிழ்த்துப் பீரோவில் ஒளித்து வைத்ததே நான்தான். கதவுக்குப் பின்னால் ஒரு நைலான் கொடி. என் உள்ளாடைகளும் மகளுடையதும் அதில்தான் காயும், மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு. அம்மா வீட்டிலும் இப்படித்தான். "நாலு பேர் வர்ற இடம்" என்பாள் அம்மா. மொட்டைமாடியில் ஆண்களின் ஜட்டியும் பனியனும் ராஜா மாதிரி வெயிலில் ஆடும். எங்களுடையவை இருட்டில் புழுங்கும். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான் இதை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பன்னிரண்டு வயதில் அது மோசமாயிற்று. டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள ஈரத்துணி காயப்போடறீங்களா?"

ஒருபக்கம் மகள், மறுபக்கம் கணவர். ஆமாம் என்றால் என்ன துணி என்று அடுத்த கேள்வி வருமே.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் இன்ஹேலரின் அளவைக் கூட்டி எழுதினார். என் கூச்சத்துக்கு அவள் மருந்து இழுக்க வேண்டியதாயிற்று. வழியெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். துவைத்ததை எல்லாம் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நல்ல வெயில். யாருமே இல்லை, ஆனாலும் படிக்கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளிப் மாட்டினேன். துண்டு எதுவும் போர்த்தவில்லை. இறங்கி வந்து குழம்புக்குப் புளி கரைத்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். வாசல் கதவு திறந்தது. மகள் பக்கெட்டோடு நின்றாள். உள்ளே அத்தனை துணியும் பாதி ஈரமாக. அவள் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் சமையலறை வரை கேட்டது.

"எதிர்வீட்டு அங்கிள் மாடிக்குக் கெளம்பினாரும்மா... ஓடிப்போய்... அவர் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

இன்ஹேலரைக் குலுக்கி வாயில் வைத்தேன். மூச்சு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினேன். அடங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, மூச்சு முட்டற ஒடம்ப வெச்சுக்கிட்டு ரெண்டு மாடி ஓடுவியா? வெறும் துணிதானே, பாத்தா என்ன?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ டாக்டர்கிட்டயே சொல்லலியேம்மா."