மஷ்தி ஹசனை அழைத்த ஒலிபெருக்கி

சனிக்கிழமை காலை என்றால் எனக்கு இன்றும் இடது காது சுடும். அமெரிக்காவில், எடிசன் நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பர்வீன் ஆன்ட்டியின் ரிசீவரை அரைமணி நேரம் அழுத்திப் பிடித்திருந்த சூடு அது. தொண்ணூற்றெட்டில் எனக்கு ஒன்பது வயது. முதியோர் இல்லத்தில் 'நைட் ட்யூட்டி' முடித்து வரும் ஆன்ட்டி, ஈரானில் நிஷாப்பூருக்கு அப்பால் இருந்த தன் கிராமத்துக்கு போன் போட்டுவிட்டு, காத்திருக்கும்போதே தூங்கிவிடுவார்.

"போடி, போனைக் கொஞ்சம் 'ஹோல்ட்' பண்ணு. பாவம், அவ கண்ணு சொருகிடும்" என்று அம்மா விரட்டுவாள்.

"வொய் மீ, அம்மா?"

"நீதானே கார்ட்டூன் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கே!"

அந்த ஊருக்கே ஒரே போன்தான். எடுப்பவர் கூரைமேலிருந்த ஒலிபெருக்கியில் கூவுவார்: "மஷ்தி ஹசன்! டெலிஃபோன்! அம்ரிகா!" அந்தப் பெயர் மண்சுவர்களில் முட்டித் திரும்புவதும், ஆடுகள் கத்துவதும், எங்கோ ஒரு டிராக்டர் இருமுவதும் என் காதில் விழும், நான் பார்க்காத ஊரை அப்படித்தான் அறிந்தேன். மஷ்தி ஹசன் மட்டும் வரவே மாட்டார். அவர் ஆன்ட்டியின் அப்பா. தான் வேண்டாமென்றவரைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்த மகளோடு அவருக்குப் பேச்சில்லை.

"அவர்தான் வரலையே, எதுக்கு வாராவாரம்?" என்று அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

ஆன்ட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "வர வேண்டாம். ஊரே கேட்குது, அவர் காதிலும் விழும். மகள் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

இரண்டாயிரத்தொன்று வசந்தத்தில் ஊர்ப் போனை எடுப்பவர், வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது, இனி ஒலிபெருக்கி கிடையாது என்று சொல்லி, மஷ்தி ஹசன் வீட்டு எண்ணைக் கொடுத்தார். ஆன்ட்டி அதைக் காலண்டரில் எழுதிவைத்ததோடு சரி. நேரே கூப்பிட்டால் வைத்துவிடுவார் என்ற பயம். மூன்று சனிக்கிழமை நான் கார்ட்டூன் பார்த்தேன், ஒட்டவில்லை. நான்காவது வாரம் நானே போய் நின்றேன்.

"ஆன்ட்டி, ஐ வில் ஹோல்ட் இட்." ஆன்ட்டி காலண்டரிலிருந்த எண்ணை அழுத்தி ரிசீவரை என்னிடம் தந்து, தன் காதையும் அதனருகே வைத்துக்கொண்டார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். கரகரத்த ஒரு குரல், எனக்குப் புரியாத மொழியில் ஒரே ஒரு வரி. ஆன்ட்டி என்னிடமிருந்து ரிசீவரை வாங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் அப்பா சொன்னதைப் பிறகுதான் எனக்கு விளக்கினார்: "மூணு வாரமா ஏன் கூப்பிடலை?"

ஆன்ட்டி டெக்சஸ் போய் வெகுகாலமாகிறது. அந்த ஒலிபெருக்கியையும் எப்போதோ கழற்றியிருப்பார்கள். வேலை முடிந்து சோர்ந்து உட்காரும் நேரத்தில் என் போன் சத்தமில்லாமல் அதிர்கிறது, திரையில் அப்பா என்று வருகிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்காது. அப்புறம் பேசலாம் என்று கவிழ்த்து வைக்கிறேன்.