மொட்டைமாடியில் படகுப் பாய்

பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த்தொட்டி கழுவப் போயிருந்தேன். மொட்டைமாடியில் மூன்றாம் மாடிக்காரர் தன் படகின் பாயை விரித்து, கடல் வெயிலில் மூக்குத் தோல் உரிந்த முகத்தோடு குனிந்திருந்தார். துறைமுகத்தில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர். மழைக்காலம் முடியும்வரை பாயைச் சுருட்டி வைக்க, முதலில் உப்பைக் கழுவ வேண்டுமாம். ஒவ்வொரு முறை அலசியதும் துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் மறுபடி அலசுவார்.

"கொஞ்சம் புடிக்கிறீங்களாண்ணே? எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு பாய்தான்."

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நான்கு மாதம் வெந்தவன் நான். துணியைப் பற்றி எனக்கா பாடம்? அவர் குழாயை மூடப் போனதும் ஒரு முனையைக் கம்பியில் கட்டி, நன்றாக முறுக்கிப் பிழிந்தேன். விறைப்பான துணியில் கோடுகோடாக மடிப்பு விழுந்துவிட்டது.

"ஐயோ, பிழியக் கூடாதுண்ணே! மடிப்பு விழுந்தா காத்து புடிக்காது."

"இதுக்குப் போயி பயந்துகினு! இஸ்திரி போட்டா சரியாப்பூடும் சார்."

"பாலியஸ்டர் துணிண்ணே, உருகிடும்."

கம்பியில் போட்ட முடிச்சை அவிழ்த்தேன். அவர் மடிப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "படகு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்பாடா, தெரியாதது ஒண்ணாவது இருக்கே."

பிறகு பாயின் மறுமுனையை என்னிடமே நீட்டினார். காயும்வரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்து நின்றோம். கெடுத்தவன் கையிலேயே எந்தத் தைரியத்தில் கொடுத்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.