மிஸ் கழுத்து மைக்குக்கு ஒரு தோல் உறை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இதில் அவள் மாட்டிக்கொள்ளும் இடமும் வருகிறது. அதனால் இப்போதே பேனாவை வைத்துவிட்டு முறைக்கிறாள். முறைக்கட்டும்.

என் பேத்திக்குப் பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு காதிலும் மிஷின். அதை மாட்டிய புதிதில் அவளைப் பள்ளிகொண்டா கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதியதும் குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு வாட்டி ஊதச் சொல்லு ஆயா" என்றாள். கண்டக்டரும் நல்ல மனுஷன், ஊதினார். டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பஸ்ஸே எங்களைத் திட்டியது. அதுவும் அவளுக்குக் கேட்டது, அதற்கும் சிரித்தாள். போகட்டும், நான் சொல்ல வந்தது மைக்கைப் பற்றி.

காதில் இருக்கும் மிஷின் வீட்டுக்குப் போதும். வகுப்பில் போதாது. பிள்ளைகள் போடும் கூச்சல், ஃபேன் சத்தம், ரோட்டில் போகும் லாரி எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் போய்விடும். அதற்காகத் தனியாக ஒரு மைக் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். மிஸ் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினால், போர்டு பக்கம் திரும்பி நின்றாலும் பேச்சு நேராக என் பேத்தியின் காதுக்கே வந்துவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று பள்ளிகளைச் சுற்றி வரும் ஸ்பெஷல் டீச்சர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அது வந்த பிறகு தினமும் வீட்டில் எனக்குப் பாடம்தான்.

"எறும்புக்குக் காதே இல்லியாம் ஆயா."

"அப்போ அதுக்கும் ஒரு மிஷின் வாங்கணும்."

"ரெண்டு வாங்கணும்" என்றாள்.

என் மகள் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கைக்கு ஒரு பொருள் வந்தால் அதற்குத் தோலில் உறை தைத்துவிட வேண்டும். வீணாகும் துண்டுத் தோலைக் கேட்டு வாங்கி வந்து டிவி ரிமோட்டுக்கு, ஸ்கூட்டர் சாவிக்கு, ரேஷன் கார்டுக்கு என்று தைப்பார்கள். பக்கத்து வீட்டு பாய் மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் வைத்து, அந்தக் கூட்டை ஓர் உறையில் வைத்திருக்கிறார். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் வந்த ஆள் போய்விடுவான்.

அப்படிப்பட்ட ஊரில் மைக்கை வெறுமனே தொங்க விடுவதா? என் மகள் அருமையாக ஓர் உறை தைத்தாள். மேலே காபி கலரில் தோல், நடுவில் ஸ்பாஞ்ச், உள்ளே துணி, மூடுவதற்கு ஒரு பட்டன். மைக் வேலை செய்வது தெரியவேண்டுமே என்று பச்சை லைட்டுக்கு நேராக ஒரு ஓட்டையும் போட்டாள். மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கடையில வாங்குனது மாதிரி இருக்குது" என்றாராம். என் மகளுக்கு அன்றைக்குத் தரையில் கால் நிற்கவில்லை. இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.

அதற்கப்புறம் பேத்தி பாடம் சொல்வது நின்றுபோயிற்று.

"இன்னாடி, இன்னிக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?"

"மிஸ் தூரமா போய்ட்டாங்க ஆயா."

"நீ முன் பெஞ்சுலதானே உக்கார்ற?"

"ஆமா. ஆனா தூரமா இருக்காங்க."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்பெஷல் டீச்சர் வந்தார். மைக்கை உறையிலிருந்து எடுத்துப் பேசிப் பார்த்தார், நன்றாகக் கேட்டது. திரும்ப உறையில் போட்டுப் பட்டனை அழுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். மிஷின் நன்றாக இருக்கிறது, பச்சை லைட்டும் எரிகிறது, ஆனால் பிள்ளை விழிக்கிறாள். அப்படியென்றால் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று பள்ளியில் முடிவு கட்டிவிட்டார்கள். காது கேட்காத பிள்ளைகளுக்கென்று இருக்கும் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடலாம், வந்து பேசுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். மகளுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நான் போனேன்.

ஹாஸ்டலைக் குறை சொல்லவில்லை. அங்கே படித்து நல்ல வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவளுக்கு இந்தப் பள்ளியில் இருக்கத்தான் ஆசை, இவளுடைய தோஸ்துகள் எல்லாம் இங்கேதான். எனக்கும் ராத்திரி இவளை விட்டுத் தூக்கம் வராது.

வராந்தாவில் ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய டீச்சரும் மிஸ்ஸும் நானும் நின்றோம். பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அது இன்னா மிஷின், காட்டுங்க" என்றார் பெரிய டீச்சர். மிஸ் பட்டனைத் திறந்து மைக்கை வெளியே எடுத்துக் கொடுத்தார். பெரிய டீச்சர் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திப் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"பாவமாத்தான் இருக்குது ஆயா. ஆனா இங்க வெச்சிருந்தா புள்ள வீணா போய்டும். அடுத்த வாரம் டி.சி. குடுத்துடட்டா?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நான் எங்கயும் போவ மாட்டேன்."

எட்டிப் பார்த்தோம். பேத்தி எழுந்து நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள்.

"யார்கிட்ட பேசுது?" என்றார் பெரிய டீச்சர்.

"உங்ககிட்டத்தான் டீச்சரம்மா" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மைக்கில் மெல்லக் கேட்டார். "இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு இன்னா?"

"முட்டை. வாசன வருதே" என்றாள் உள்ளேயிருந்து.

மிஸ் எதையோ யோசித்து மைக்கை வாங்கி உறையில் போட்டு மூடினார். அதே இடத்தில் நின்று, அதே கேள்வியைக் கேட்டார். பதில் வரவில்லை. ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு, "தூரமா போய்ட்டீங்க மிஸ்" என்றாள் பேத்தி. மிஸ் ஓர் அடிகூட நகரவில்லை.

பெரிய டீச்சர் உறையை வாங்கி அழுத்திப் பார்த்தார். "லைட்டுக்கு ஓட்டை விட்டுட்டு, பேச்சுக்கு விடாம வுட்டாங்களே. இதுல குண்டே பாயாது, பேச்சு எங்க பாயும்? யாரு தெச்சது?"

"என் பொண்ணுதான். கைவேல ரொம்ப சுத்தம்" என்றேன். பொய்யில்லையே.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, டி.சி. பேச்ச விடுங்க. நாளைலேர்ந்து எப்பவும் போல அனுப்புங்க."

"நாளைக்கு இன்னா டீச்சரம்மா, இப்பவே உள்ளதானே உக்காந்திருக்கா."

மிஸ் மைக்கை அப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னலோரம் நின்றுவிட்டேன். வாய்ப்பாடு நடந்தது. இத்தனை நாளாக மிஸ் பாவம் பார்த்து இவளைக் கேள்வியே கேட்காமல் விட்டிருந்தார். அன்றைக்குக் கேட்டார்.

"ஏழெட்டு?"

"ஐம்பத்தி நாலு."

"அவசரம். யோசிக்காம வாய்க்கு வந்ததக் கொட்டுறது. ஏழாம் வாய்ப்பாட்ட பத்து வாட்டி எழுதிட்டு வா."

பேத்தியின் மூஞ்சி தொங்கிப்போயிற்று. எனக்கோ வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் திரும்பிப் பார்த்தார்.

"ஆயா, நீங்க இன்னும் போவலியா?"

"இதோ போறேன் மிஸ். நீங்க நல்லா திட்டுங்க" என்றேன். "அவளுக்குக் கேக்குது."