நூற்றுப் பதினெட்டு ரூபாய் பேஸ்ட்

1. இரண்டு பில்

ஜி.எஸ்.டி. வரி குறைந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டுக்கு லீவு, கடையில் நிற்க இடமில்லை. மூக்கம்மாக்கா என் கவுண்டர் மேல் இரண்டு பில்லை வைத்து ஓங்கித் தட்டினார்.

"ஏட்டி செல்வி, இது போன மாசத்துப் பில்லு. இது இப்ப நீ அடிச்சுக் குடுத்தது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம்."

கேரளத்து வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் பல வருஷமாக நான்தான் பில்லிங். மூக்கம்மாக்கா மேல் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அவர் இருக்கிற லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், முப்பது வீட்டுக்கு மேல் இருக்கும். அத்தனை வீட்டுக்குமான மாதச் சாமான் மொத்தத்தையும் அவர்தான் வந்து வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். அவர் முகம் சுளித்தால் எங்கள் முதலாளிக்குத் தூக்கம் வராது.

பில்லைப் பார்த்தேன். பேஸ்ட், நூற்றுப் பதினெட்டு ரூபாய். போன மாதமும் அதே பேஸ்ட், அதே நூற்றுப் பதினெட்டு. ஆனால் போன மாதம் வரி பதினெட்டு ரூபாய். இந்த மாதம் ஐந்து ரூபாய் அறுபத்திரண்டு பைசா.

"டிவியில மூணு வேளையும் சொல்லுதான். சோப்பு, சாம்பு, பேஸ்டு, பிஸ்கட்டுக்கெல்லாம் பதினெட்டு அஞ்சாயிட்டுன்னு. நீயும் வரியக் கொறச்சுத்தான் போட்டிருக்க. அப்ப வெல ஏன் கொறயல? அந்தப் பன்னெண்டு ரூவா சொச்சம் யாரு மடியில விழுந்துச்சு?"

ஏற்கெனவே பில் வாங்கியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பில்லைப் பிரித்தார்கள். 

நடந்தது இதுதான். அட்டையில் அச்சடித்த எம்.ஆர்.பி. என்பது வரியும் சேர்ந்த விலை. நூறு ரூபாய்ச் சரக்கு, பதினெட்டு ரூபாய் வரி. சாஃப்ட்வேர்க்காரர் கோட்டயத்தில் உட்கார்ந்தபடியே வரி விகிதத்தை மட்டும் ஐந்தாக மாற்றிவிட்டார். விலையை யாரும் தொடவில்லை. கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்தது. நூற்றுப் பதினெட்டுக்குள்ளேயே ஐந்து சதவீதத்தைப் பிரித்து எடுத்து, மிச்சமெல்லாம் சரக்கு விலை என்று எழுதிவிட்டது. நூறு ரூபாய்ச் சரக்கு ஒரே ராத்திரியில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தெட்டு பைசா ஆகிவிட்டது. அரசாங்கம் ஜனங்களுக்கு விட்டுக்கொடுத்த காசு எங்கள் கல்லாவில் கிடந்தது.

"இப்பவே ஒரு வழி சொல்லு. இல்லன்னா அடுத்த மாசம் ஜீப்பு வேற கடை வாசல்ல நிக்கும். போற வழியெல்லாம் இது திருட்டுக் கடைன்னு சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார் மூக்கம்மாக்கா.

"பத்து நிமிசம் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

2. ஜோஸ் சேட்டனின் நஷ்டம்

முதலாளி ஜோஸ் சேட்டன் கெட்டவர் இல்லை. நஷ்டம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்கு வியர்க்கும்.

"செல்வி, அதொக்கெ பழைய ஸ்டாக்கல்லே? பதினெட்டு சதமானம் வரி கொடுத்து எடுத்தது. இப்ப அஞ்சு மட்டும் வாங்கினா பாக்கி ஆரு தரும்?"

"யாரும் தர வேணாம் சேட்டா. நம்ம கையிலயே இருக்கு. வாங்கும்போது குடுத்த பதினெட்டு இன்புட் கிரெடிட்டா நம்ம கணக்குல வரவு கிடக்கு. விக்கும்போது கட்ட வேண்டிய வரிய அதுல கழிச்சுக்கலாம். நம்ம லாபத்துல ஒரு பைசா கொறயாது."

"உறப்பாணோ? நிச்சயமா?"

"ஆடிட்டரக் கூப்பிட்டுக் கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார். ஆடிட்டர் நான் சொன்னதையே சொல்லிவிட்டு, பழைய ஸ்டாக்காக இருந்தாலும் விலையைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மாட்டிக்கொள்வீர்கள் என்று கூடுதலாக ஒன்றும் சொன்னார். ஜோஸ் சேட்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போய்க் குறைச்சுக் கொடு. அந்த லயத்து ஆர்டர் போனா உங்க நாலு பேருக்கும் ஞான் எங்கன சம்பளம் தரும்?"

நாலு பேர் என்றால் நான், என்னோடு வேலை பார்க்கிற மூன்று பெண்கள். எங்கள் நாலு வீட்டு அடுப்பும் இந்தக் கடையை நம்பித்தான் எரிகிறது.

3. சாக்கு

வெளியே வந்து, "பேஸ்ட் இனிமே நூத்தி அஞ்சுக்கா" என்றேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மூக்கம்மாக்கா அதற்குள் போனில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"பதினெட்டுல அஞ்சு போனா பதிமூணு. நூத்திப் பதினெட்டுல நூத்துக்குப் பதிமூணு கழிச்சா நூத்தி ரெண்டு ரூவா அறுபத்தாறு பைசா. மறுபடியும் ரெண்டு ரூவாய முழுங்கப் பாக்கியா?"

ஜோஸ் சேட்டன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அந்த ரெண்டு ரூவா போகட்டே, சமாதானமா அனுப்பு" என்றார். நான் முடியாது என்று தலையாட்டினேன். விட்டுக்கொடுத்தால் இரண்டாவது தடவையும் திருடி மாட்டிக்கொண்டோம் என்றுதான் ஊர் பேசும். தப்பான காசு ஒரு பைசா நம்மிடம் இருக்கக் கூடாது. சரியான காசை ஒரு பைசா விடவும் கூடாது. எனக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஆனால் சதவீதத்தை எப்படிப் புரியவைப்பது? வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் கொழுந்து எடுப்பவர்கள். அப்போதுதான் பொறி தட்டியது.

"யக்கா, கொழுந்து நிறுக்கும்போது சாக்கு எடையக் கழிக்காங்கல்ல?"

"ஏன் கேக்க! அதுக்குத்தான தெனமும் சண்ட."

"நூறு கிலோ கொழுந்து. சாக்கு பதினெட்டுக் கிலோன்னு வச்சுக்கோங்க."

"பதினெட்டுக் கிலோவுல சாக்கா? எந்த எஸ்டேட்லட்டி?" கடையே சிரித்தது.

"சும்மா வச்சுக்கோங்க. தராசுல மொத்தம் எவ்வளவு காட்டும்?"

"நூத்திப் பதினெட்டு."

"அதே கொழுந்த அஞ்சு கிலோ சாக்குக்கு மாத்திட்டா?"

"நூத்தி அஞ்சு" என்றவர் போனில் இருந்த தொகையைத் திரும்பப் பார்த்தார்.

"கொழுந்துதான் பேஸ்டு. சாக்குதான் வரி. சாக்குதான மாறியிருக்கு? நீங்க போன்ல கொழுந்து நூறுக்கு மட்டும் கழிக்காம, பழைய சாக்கும் சேந்த நூத்திப் பதினெட்டுக்குப் பதிமூணு சதவீதம் கழிச்சுட்டீங்க."

மூக்கம்மாக்கா போனில் போட்டிருந்த கணக்கை அழித்தார். பிறகு, "அப்ப மத்த சாமானுக்கு எப்படிப் போடணும்? கணக்கச் சொல்லு" என்றார்.

"மொத்த விலைய நூத்திப் பதினெட்டால வகுத்து, நூத்தி அஞ்சால பெருக்குங்க."

குளிக்கிற சோப்புக் கட்டு ஒன்றை எடுத்தார். நூற்று எழுபத்தேழு ரூபாய். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே போட்டார். நூற்று ஐம்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா. நானும் என் கம்ப்யூட்டரில் விலையை மாற்றி அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அதே தொகை.

அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். "ஏ, கணக்கு சரியாத்தான் இருக்கு! எல்லாரும் போனை எடுங்க, நான் சொல்லித் தாரேன்!"

பின்னாலிருந்து ஒரு பெண் துணி சோப்பைத் தூக்கிக் காட்டி, "இது எவ்வளவு கொறயும்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மூக்கம்மாக்கா என்னைப் பார்த்தார். "அதுக்கு வரி கொறயலக்கா, பதினெட்டுதான்" என்றேன். அவர் உடனே, "அது பழைய சாக்குலயே கெடக்கு, வச்சிட்டு வா" என்று அதட்டினார்.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, நாங்கள் நாலு பேரும் பழைய ஸ்டாக் முழுவதற்கும் புது விலை ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்த வாரம் வாங்கியவர்கள் பில்லைக் கொண்டுவந்தால் மீதியைத் திருப்பித் தருவதாக வாசலில் எழுதி வைக்கச் சொன்னேன். ஜோஸ் சேட்டன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவர் கையாலேயே எழுதினார். வந்தவர்களில் ஒருவர்கூட காசை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அடுத்த மாதம் மூக்கம்மாக்காவின் ஜீப்புக்குப் பின்னால் இன்னும் இரண்டு லயத்து ஜீப்புகள் எங்கள் வாசலில் நின்றன. நான் கல்லாவில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

புதிதாக பில்லிங்குக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வரி மாறினால் வரிக் கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடியில் இருக்கிற மொத்தத் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜனங்கள் கொடுப்பது அந்தத் தொகையைத்தான்.

இப்போது எங்கள் கடையில் யாரும் பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவதில்லை. கவுண்டரிலேயே நின்று, போனை எடுத்து, வகுத்துப் பெருக்கிப் பார்க்கிறார்கள். வரிசை வாசல் வரை நீள்கிறது. "எந்தா செல்வி இது, ஒரு பில்லுக்கு இத்தனை நேரமோ?" என்று ஜோஸ் சேட்டன் புலம்புகிறார். நான் யாரையும் நகரச் சொல்வதில்லை.